வாசல் இல்லாதவருக்கு வைத்தியம்

திருவண்ணாமலை செங்கம் சாலையிலே, ரமணாசிரமத்தின் எதிரே, மர நிழலிலும் நடைபாதையிலும் முதிய துறவிகள் பலரைக் காண்கிறோம். அன்னமிடுவோர் உண்டு. ஆசிரமத்திலே இலவச மருந்தகமும் உண்டு. நல்லதே! ஆனால், மாத்திரை பெற்றுச் சென்ற முதியவருக்குக் காய்ச்சல் தணிந்ததா என்று மறுவாரம் கேட்பவர் யார்?

இத்தகைய கேள்விகளுக்கே ஆயுளை அளித்தவர் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி. சென்னையிலே மருத்துவப் பேராசிரியராக விளங்கிய அவர், 1958இல் 'வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ்' நிறுவனத்தைத் தோற்றுவித்தார். வருமானத்துக்கேற்ற கட்டணம், இல்லாதவருக்கு இலவசம், நோய் முற்றுமுன் பரிசோதனை, கிராமத்திலே சிறு சுகாதார நிலையம், அங்கிருந்து வீடு வீடாகச் செல்லும் ஊழியர். கட்டடத்தின் உயரத்தைக் காட்டி வைத்தியத்தின் உயர்வைப் பேசுவோர் நடுவே, அவர் கண்டது வேறு வழி!

2021இல் நமது ஆட்சி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அவ்வழியிலே வந்ததுதான். 2024இல் ஐ.நா. விருதும் பெற்றது; பெருமைப்படுகிறோம். பெருமைப்படுகிற உரிமையோடே கேட்கிறோம்: வீடு தேடி வரும் ஊழியர், வீடே இல்லாதவரை எங்கே தேடுவார்?

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இன்று அக்னி லிங்கத்தருகே படுத்தவர், நாளை நிருதி லிங்கத்தருகே இருப்பார். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் அவரோடு கூடவே நடக்கின்றன. பௌர்ணமிக்கு முகாம் போட்டால் போதுமா? அமாவாசையன்று அவருக்கு மாத்திரை தீர்ந்திருக்குமே!

கையிலே ஒரு சிகிச்சை அட்டை, குறித்த கிழமையிலே குறித்த மரத்தடிக்கு வரும் செவிலியர், வராதவரைத் தேடிச் செல்ல ஓர் ஆள். இவ்வளவே கேட்கிறோம். சுகாதாரத் துறையினர் செங்கம் சாலையிலிருந்தே தொடங்கட்டும்.