கண்ணகிக்குப் புண்ணியம் கொடுக்கும் ஊர்

கண்டி தலதா மாளிகையின் மேல்மாடியில், புத்தரின் பல் இருக்கும் அறைக்கு எதிரே நீளமாக ஒரு மேசை. வெள்ளை உடுத்தி வருகிறவர்கள் தாமரையையும் நீலோற்பலத்தையும் அதில் வைத்துக் கைகூப்பிவிட்டு நகர்கிறார்கள். தமிழ்நாட்டுக் கோயில்களில் பழகியவர் அங்கே கொஞ்சம் தடுமாறுவார். அர்ச்சனைத் தட்டு திரும்பி வராது. குங்குமமோ தேங்காய் மூடியோ கிடைக்காது. வைத்த பூ அங்கேயே வாட வேண்டியதுதான். இந்த உடம்பும் இப்படித்தான் வாடும் என்று நினைத்துக்கொள்வதே அந்தப் பூசையின் பொருள்.

மாளிகையிலிருந்து இறங்கிச் சற்று நடந்தால் பத்தினி தேவாலயம். பத்தினி வேறு யாருமில்லை, நம்முடைய கண்ணகிதான். அதே பக்தர்கள் இங்கே பழத்தட்டோடு வருகிறார்கள். கப்புறாளை எனப்படும் பூசகர் தட்டை வாங்கி, வந்தவரின் குறையை அம்மனிடம் சொல்லி, ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருகிறார். அச்சு அசல் பிரசாதம். கப்புறாளை பிக்கு அல்ல, பெண்டாட்டி பிள்ளைகளோடு வாழும் குடும்பஸ்தர். பிள்ளைக்கு அம்மை போட்டாலும் மழை பொய்த்தாலும் போய் நிற்க வேண்டிய வாசல் இது. அதற்காகப் புத்தரிடம் போவதில்லை. அவர் பரிநிர்வாணம் அடைந்தவர். வரம் கொடுக்க அங்கே ஆள் இல்லை.

இந்து சமயமும் பௌத்தமும் ஒன்றா, வேறா என்ற கேள்விக்குப் பாடநூல்கள் ஒரு பட்டியல் தரும். வினைப்பயன், மறுபிறப்பு, தியானம் எல்லாம் இரண்டுக்கும் பொது. வேதத்தைப் பிரமாணமாகப் பௌத்தம் ஏற்காது. பிறவிதோறும் தொடரும் மாறாத ஆன்மா என்று ஒன்று இல்லை என்றும் சொல்லும். பட்டியலில் பிழையில்லை. ஆனால் கண்டியில் பார்த்தால் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். தெய்வங்கள் ஒன்றுதான், கொடுக்கல் வாங்கல்தான் தலைகீழ்.

நம் ஊரில் அருள் சாமியிடமிருந்து நமக்கு வரும். சிங்கள பௌத்தர் விகாரையில் பூசை முடித்ததும், தான் சேர்த்த புண்ணியத்தில் தேவர்களுக்கும் பங்கு தருகிறார். விஷ்ணுவானாலும் முருகனானாலும் பிறவிச் சுழலுக்குள் இருப்பவர்களே என்பது பௌத்தக் கொள்கை. நீண்ட ஆயுள், பெரிய ஆற்றல் எல்லாம் உண்டு, விடுதலை மட்டும் இன்னும் கிட்டவில்லை. ஆகவே அவர்களுக்கும் புண்ணியம் வேண்டும்! பதிலுக்குக் காவல் தருவார்கள். கண்ணகியும் சிங்கள மரபில் வருங்காலத்தில் புத்தராகும் வழியில் இருப்பவள்.

விஷ்ணுவின் கதை இன்னும் சுவையானது. இந்தியாவில் வைணவர் பலர் புத்தரை விஷ்ணுவின் அவதாரமாக்கினார்கள். இலங்கையில் விஷ்ணு புத்தசாசனத்தின் காவலர். இலங்கையைக் காக்கும் பொறுப்பைச் சக்கன், அதாவது இந்திரன், நீலோற்பல நிறம் கொண்ட ஒரு தேவனிடம் ஒப்படைத்ததாக மகாவம்சம் கூறுகிறது. அந்தத் தேவனைத்தான் பிற்காலத்தார் விஷ்ணு என்று கொண்டார்கள். யார் யாருக்குள் அடக்கம் என்பதில் இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை.

புத்தருக்குக் கீழே தேவர்கள் என்ற படிநிலையைக் கண்டியில் ஆண்டுதோறும் தெருவிலேயே பார்க்கலாம். எசல பெரஹரா என்ற ஊர்வலத் திருவிழாவில் முதலில் போவது தலதா மாளிகை ஊர்வலம். பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காம (முருகன்) தேவர்களின் ஊர்வலங்கள், கடைசியாகப் பத்தினி. ஆனால் இந்தத் திருவிழா முதலில் தேவர்களுக்கு உரியதாகவே இருந்தது. இப்போதும் தொடக்கச் சடங்கான கப் நடுதல், அதாவது பலாமரக் கால் நடுவது, நான்கு தேவாலயங்களில்தான். முடிவில் மகாவலியில் வாளால் நீர்வெட்டுகிறவர்களும் கப்புறாளைகளே. ஊர்வலத்தின் முன்னணியில் புனிதப் பல்லைச் சேர்த்தவர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782). அவரோ மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் குடும்பத்தவர், சைவப் பழக்கத்தில் வளர்ந்தவர். 1753இல் சயாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதாவை, அதாவது பிக்குவாக முழுத் துறவு ஏற்கும் சடங்கை, மீட்டதும் இவர் காலத்தில்தான். இத்தனைக்குப் பிறகும் 1760இல் அவரைக் கொல்லச் சதி நடந்தது. அரசர் திருநீறு பூசுகிறார் என்பது அவர்மேல் இருந்த மனக்குறைகளுள் ஒன்று. தெய்வங்களுக்குக் கிடைத்த தாராளம் அரசருக்குக் கிடைக்கவில்லை.

கண்ணகிக்கும் எல்லா இடத்திலும் ஒரே மரியாதை இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் அவளைச் சமணச் செட்டிப் பெண் என்று ஒதுக்கினார்; அங்கே கண்ணகி கோயில்கள் சில பிற்பாடு வேறு அம்மன் பெயருக்கு மாறின. கிழக்கில் அப்படி இல்லை. மட்டக்களப்புப் பகுதியில் வைகாசி வந்தால் கண்ணகிக்குச் சடங்கு. முன்பு அதோடு கொம்புமுறி விளையாட்டும் களைகட்டும். ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரியும்: வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, ஒன்று முறியும்வரை இரு புறமும் இழுப்பார்கள். சிங்கள ஊர்களில் இதே ஆட்டத்துக்கு அங்கெலிய என்று பெயர். அங்கேயும் இரண்டு கட்சி, மேல்கட்சி கோவலனுக்கு, கீழ்க்கட்சி பத்தினிக்கு.