கல்லுக்குள் கொழுப்பு: யார் கைவேலை?

பாக்டீரியாவுக்கு எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. செத்தால் சுவடே மிஞ்சாது என்றுதான் தோன்றும். ஆனால் பல பாக்டீரியாக்களின் செல் சவ்வில் இருக்கும் ஹோபனாய்டு என்ற கொழுப்பு லேசில் அழிவதில்லை. வண்டலோடு புதைந்து, வெப்பத்தில் வெந்து, வால்பகுதி உதிர்ந்த பிறகும் அதன் கார்பன் வளையங்கள் கலையாமல் நிற்கின்றன. அந்த எச்சத்துக்கு ஹோபேன் என்று பெயர். பெரும்பாலான கச்சா எண்ணெயில் அது உண்டு.

பாக்டீரியா இதைத் தயாரிக்கும் விதம் அலாதியானது. மூலப்பொருள் ஸ்குவாலீன். சுறா ஈரல் எண்ணெயில் ஏராளமாக உள்ள இது, 30 கார்பன் அணுக்கள் கொண்ட நீளச் சங்கிலி. ஸ்குவாலீன்-ஹோபீன் சைக்ளேஸ் என்னும் நொதி அதைத் தன் குழிக்குள் வாங்கி, மடக்கி, ஒரே மூச்சில் ஐந்து வளையங்களாக இணைத்துவிடுகிறது. நம் உடலும் ஸ்குவாலீனிலிருந்துதான் கொலஸ்ட்ரால் செய்கிறது. ஆனால் அதற்கு ஆக்சிஜன் வேண்டும், ஹோபனாய்டுக்கு வேண்டாம்.

வளையம் அமைந்தபின் சில பாக்டீரியாக்கள் இரண்டாம் கார்பனில் ஒரு மீத்தைல் தொகுதியை ஒட்டுகின்றன. பாறையைப் பொடித்து, கரைப்பானில் சாறு இறக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் செலுத்தினால் சாதாரண ஹோபேன் உடைந்து 191 நிறையுள்ள துண்டைத் தரும். மீத்தைல் ஒட்டியிருந்தால் 205. இந்த 14 வித்தியாசத்தை வைத்துத்தான் பெரிய வழக்கே நடந்தது.

1999-இல் ரோஜர் சம்மன்ஸ் குழுவினர், 2-மீத்தைல் ஹோபேன் என்பது சயனோபாக்டீரியாவின் அடையாளம் என்று அறிவித்தனர். ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜனை வெளியிட்டு நம் காற்றையே மாற்றிய உயிர்கள் அவை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹாமர்ஸ்லி பகுதியில், 250 கோடி ஆண்டுப் பாறையில் அந்த மூலக்கூறு கிடைத்தது. அதே ஆண்டு யோகன் ப்ராக்ஸ் குழு, பில்பராவின் 270 கோடி ஆண்டுப் பாறைகளிலும் அதைக் கண்டதாகச் சொன்னது. காற்றில் ஆக்சிஜன் நிலைபெற்றது ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்படியானால் அதை உண்டாக்கும் உயிர்கள் அதற்கு 30 கோடி ஆண்டுகள் முன்பே இருந்திருக்க வேண்டும்!

முதல் அடி 2007-இல் விழுந்தது. ரோடோசூடோமோனாஸ் பலுஸ்ட்ரிஸ் என்னும் ஊதா பாக்டீரியா ஒளிச்சேர்க்கை செய்யும், ஆனால் ஆக்சிஜன் வெளியிடாது. அதுவும் 2-மீத்தைல் ஹோபனாய்டைத் தயாரிப்பதை டயான் நியூமன் குழு நிறுவியது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் சம்மன்ஸும் ஒருவர். 2010-இல் பவுலா வெலாண்டர், மீத்தைலை ஒட்டும் நொதிக்கான hpnP என்று குறிக்கப்படும் மரபணுவைப் பிடித்தார். அதை நீக்கினால் மீத்தைல் ஹோபனாய்டு அடியோடு காணாமல் போனது. மற்ற உயிர்களின் மரபணுத் தொகுதிகளில் தேடியபோது, சயனோபாக்டீரியாவோடு சேர்த்து, அந்த ஊதா பாக்டீரியா அடங்கிய பிரிவான ஆல்ஃபாபுரோட்டியோபாக்டீரியா பலவற்றிலும் அதே மரபணு இருந்தது.

இதற்கிடையே பாறைகளின் சாட்சியமும் ஆட்டம் கண்டது. பில்பரா பாறைக் கொழுப்பு பிற்காலத்தில் கசிந்து புகுந்தது என்று 2008-இல் வந்த கட்டுரையில் ப்ராக்ஸும் கையெழுத்திட்டார். மாசு படாமல் புதிதாகத் துளையிட்டு எடுத்த மாதிரிகளில் அந்தக் காலத்துக்குரிய ஹோபேன் இல்லை என்று 2015-இல் உறுதியானது.

2023-இல் வந்த மரபணு வம்சாவளி ஆய்வு வழக்கைப் பாதி மீட்டது. சயனோபாக்டீரியாவின் பொது மூதாதையிடமே hpnP இருந்திருக்க வேண்டும். ஆல்ஃபாபுரோட்டியோபாக்டீரியாவுக்கு அது கிடைத்தது 75 கோடி ஆண்டுகளுக்கு முந்தி அல்ல என்று அது காட்டியது.

ஆக, வட ஆஸ்திரேலியாவின் பார்னி கிரீக் பாறைகளில் 164 கோடி ஆண்டுகளாக இருக்கும் 2-மீத்தைல் ஹோபேனை இப்போது சயனோபாக்டீரியாவின் கைவேலை என்று ஏற்கலாம். 75 கோடி ஆண்டுகளுக்கு இப்பாலுள்ள பாறை என்றால், அந்த மூலக்கூறை மட்டும் வைத்து யாருடையது என்று சொல்ல முடியாது. பாறையில் கிடைத்த கொழுப்பு எதுவானாலும், அதைச் செய்யும் மரபணுவின் வரலாறு தெரியாமல் அது சாட்சி சொல்லாது.