நீரிழிவு நோயில் குறு ஆர்.என்.ஏக்களின் பங்கு

குறு ஆர்.என்.ஏ அல்லது மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது ஏறத்தாழ 22 நியூக்கிளியோட்டைடுகள் நீளமுடைய, புரதமாக மொழிபெயர்க்கப்படாத ஆர்.என்.ஏ மூலக்கூறு ஆகும். இது தனக்குப் பொருந்தும் வரிசையைக் கொண்ட செய்தி ஆர்.என்.ஏவுடன் இணைந்து, அதிலிருந்து புரதம் உருவாவதைக் குறைக்கிறது. இவ்வகை மூலக்கூறு 1993 இல் உருளைப்புழு ஒன்றில் முதன்முதலாக அறியப்பட்டது. இக்கண்டுபிடிப்புக்காக விக்டர் அம்புரோசு, கேரி ரவ்குன் ஆகியோர் 2024 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர். இன்சுலின் சுரப்பிலும், நீரிழிவினால் சிறுநீரகம், இரத்தக் குழாய்கள் முதலியவற்றில் ஏற்படும் சிக்கல்களிலும் குறு ஆர்.என்.ஏக்களுக்குப் பங்கு உண்டு.

கணையத்தில்

நீரிழிவு தொடர்பில் மிகுதியாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று மைக்ரோ ஆர்.என்.ஏ-375 ஆகும். கணையத்தின் லாங்கர்கான் திட்டுகளில் மிகுந்து காணப்படும் இதனை, மார்க்கசு சுடோஃபெல் தலைமையிலான குழு 2004 இல் விவரித்தது. பீட்டா உயிரணுக்களில் இதன் அளவைக் கூட்டியபோது குளுக்கோசுக்கு எதிர்வினையாகச் சுரக்கும் இன்சுலின் குறைந்தது. இதன் செயலைத் தடுத்தபோது சுரப்பு கூடியது. குளுக்கோசு எரிக்கப்படுவதிலோ கால்சியம் சைகையிலோ மாற்றம் காணப்படவில்லை. இன்சுலின் நிரம்பிய நுண்பைகள் உயிரணுவுக்கு வெளியே தம் உள்ளடக்கத்தைக் கொட்டும் கடைசிப் படியே பாதிக்கப்பட்டது. மயோட்ரோஃபின் என்னும் புரதம் குறைவதே இதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது.

அவ்வாறாயின் இம்மூலக்கூறை அடக்கினால் நீரிழிவு நீங்கும் என எண்ணத் தோன்றும். ஆனால் 2009 இல் வெளியான ஆய்வு வேறு விடை தந்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ-375 மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு இரத்தச் சர்க்கரை உயர்ந்தது. பீட்டா உயிரணுக்கள் போதிய அளவு பெருகவில்லை. குளூக்கொகானைச் சுரக்கும் ஆல்ஃபா உயிரணுக்களோ கூடின. அதனால் கல்லீரல் வெளியிடும் குளுக்கோசும் மிகுந்தது. ஒரே குறு ஆர்.என்.ஏ பல மரபணுக்களைக் கட்டுப்படுத்துவதால் இத்தகைய முரண் எழுகிறது. நிரலொன்றில் பல இடங்களில் அழைக்கப்படும் சார்பினை ஓர் இடத்தின் தேவைக்காக மட்டும் மாற்ற முனைவதைப் போன்றது இது.

சிறுநீரகத்தில்

நீரிழிவுச் சிறுநீரக நோயில் வடிமுடிச்சுகளில் கொலாசன் படிந்து தழும்பு உண்டாகிறது. 2007 இல் எலி உயிரணுக்களில் செய்யப்பட்ட ஆய்வில், உருமாற்று வளர்ச்சிக் காரணி-பீட்டா மைக்ரோ ஆர்.என்.ஏ-192இன் அளவை உயர்த்துவதும், அது கொலாசன் மரபணுவை அடக்கி வைக்கும் புரதம் ஒன்றைக் குறைப்பதும் கண்டறியப்பட்டன. எனினும், நோய் முற்றிய மனிதர்களின் சிறுநீரகத் திசுக்களில் இதே மூலக்கூறு குறைந்திருந்ததாக 2010 இல் மற்றொரு குழு அறிவித்தது. உயிரினம், உயிரணு வகை, நோயின் கட்டம் ஆகியவற்றைக் குறிப்பிடாமல் இதனை நோய்க்காரணி என்றோ காப்பான் என்றோ கூறுவது பொருந்தாது.

இரத்தத்தில்

குறு ஆர்.என்.ஏக்கள் குருதி நீர்மத்திலும் சிதையாது நிலைப்பதால் நோய்காட்டிகளாகப் பயன்படக்கூடும். இத்தாலியின் புரூனெக் நகர மக்களிடம் பெறப்பட்ட மாதிரிகளை ஆராய்ந்து 2010 இல் வெளியான ஆய்வில், இரத்தக் குழாய்களின் உட்படல நலத்துடன் தொடர்புடைய மைக்ரோ ஆர்.என்.ஏ-126, இரண்டாம் வகை நீரிழிவு உடையோரிடம் குறைந்து காணப்பட்டது. வேறு சில குறு ஆர்.என்.ஏக்களின் அளவு நோய் வெளிப்படுவதற்கு முன்னரே மாறியிருந்தது. ஆயினும் வழக்கமான நோயறிதல் இன்றும் இரத்தக் குளுக்கோசு, எச்பிஏ1சி சோதனைகளைக் கொண்டே செய்யப்படுகிறது.