தீப்பெட்டிக்கு விமானத்தில் இடமில்லை!

கோவை பீளமேட்டில் 1940-ம் ஆண்டு விமான நிலையம் ஏற்பட்டது. விமானத்தில் போவது அந்தக் காலத்தில் பணக்காரர்களின் காரியம். இப்போது அப்படி இல்லை. திருப்பூர் பனியன் வியாபாரி போகிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகனைப் பார்க்க, பல்லடம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அப்பாருவும் ஆத்தாளும் போகிறார்கள்.

அப்பாருவின் மடியில் பீடிக்கட்டு இருக்கிறது. கூடவே தீப்பெட்டியும் இருக்கிறது. அங்கேதான் சிக்கல்!

பீடியைக் கொண்டு போகலாம். தீப்பெட்டியைக் கொண்டு போகக் கூடாது. சிகரெட் பற்ற வைக்கும் 'லைட்டரும்' கூடாது. "மடியில்தானே கூடாது? துணிப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறேன்" என்றால் அதுவும் நடக்காது. விமானத்தின் அடியில் ஏற்றுகிற பெட்டியிலும் அவை இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. பெட்டியை 'எக்ஸ்ரே' கருவி பார்த்துவிடும். பிறகு பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். தீப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

கூடத்தில் பிடிக்கலாமா?

பிடிக்கக் கூடாது. பொது இடங்களில் புகை பிடிப்பதை 2003-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதற்கான விரிவான விதிகள் 2008-ம் ஆண்டு காந்தி ஜெயந்தி நாளில் அமலுக்கு வந்தன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். அபராதம் பிரயாணிக்கு மட்டும் அல்ல. கண்டும் காணாமல் இருந்தால், இடத்தின் பொறுப்பாளரும் கட்ட வேண்டும்.

ஆனால் சட்டம் ஒரு சலுகை வைத்திருக்கிறது. விமான நிலையத்தில் புகை பிடிக்கத் தனி அறை ஒன்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு நான்கு பக்கமும் முழுச் சுவர் வேண்டும். கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். புகையை விசிறி வெளியே தள்ள வேண்டும். பிறர் வந்து போகும் வாசல் அருகே அந்த அறை இருக்கக் கூடாது. குழந்தையும் கர்ப்பிணியும் அடுத்தவர் விட்ட புகையைச் சுவாசிக்கக் கூடாது என்பதற்கே இத்தனை ஏற்பாடு.

அறை இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே, அறை இருக்கிறதா என்று நிலைய ஊழியரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கழிப்பறைக்குள் நுழைந்து ஒளிந்து பிடிப்பது வீண் வம்பு.

அந்தக் காலத்து வேடிக்கை

ஒரு காலத்தில் பறக்கும் விமானத்துக்குள்ளேயே ஜனங்கள் புகை பிடித்தார்கள். நாற்காலியின் கைப்பிடியிலேயே சாம்பல் கிண்ணம் இருந்தது. பின்னாளில் புகை பிடிப்பவருக்குச் சில வரிசை, பிடிக்காதவருக்குச் சில வரிசை என்று பிரித்தார்கள். மூடிய விமானத்தில் எல்லோருக்கும் ஒரே காற்று. புகை வரிசை எண் பார்த்தா நிற்கும்?

அந்த வழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 1973-ம் ஆண்டு உலகம் பார்த்தது.

வெங்காயக் காட்டில் இறங்கிய விமானம்

அந்த ஆண்டு ஜூலை 11-ந் தேதி. பிரேசில் நாட்டு விமானம் ஒன்று ரியோ நகரிலிருந்து பாரிஸ் நகருக்குப் பறந்து வந்தது. அதில் 134 பேர் இருந்தார்கள். பெரிய கடலைத் தாண்டியாகிவிட்டது. ஓர்லி விமான நிலையம் இன்னும் சில நிமிஷத் தூரம்தான்.

அப்போது பின்பக்கக் கழிப்பறையிலிருந்து புகை கிளம்பியது. மளமளவென்று விமானம் முழுவதும் பரவியது. விமானிகளுக்கு எதிரே இருந்த கருவிகள் கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. நிலையம் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தது. நிலையத்துக்குச் சில கிலோ மீட்டர் முன்னால், ஒரு வெங்காயக் காட்டில் விமானத்தை இறக்கினார்கள்.

இறக்கியும் பலன் என்ன? 123 பேர் இறந்து போனார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது புகைதான். பிழைத்தவர்கள் 11 பேர். அவர்களில் 10 பேர் விமானச் சிப்பந்திகள். பிரயாணிகளில் தப்பியவர் ஒரே ஒருவர்!

கழிப்பறையின் காகிதக் குப்பைத் தொட்டியில் யாரோ போட்ட சிகரெட் துண்டு காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொல்லப்பட்டது.

1992-ல் சர்வதேச விமான அமைப்பு எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. 1996-ம் ஆண்டுக்குள் வெளிநாட்டு விமானங்களில் புகை பிடிப்பதை அடியோடு நிறுத்துங்கள் என்றது. மெல்ல மெல்லப் பழக்கம் ஒழிந்தது.

ஆனாலும் இன்றைய விமானத்தில் ஒரு விநோதம் உண்டு. கழிப்பறைக் கதவில் "புகை பிடிக்காதே" என்று எழுதியிருக்கும். அருகிலேயே சிறிய சாம்பல் கிண்ணமும் இருக்கும்! பிடிக்கச் சொல்லி வைத்த கிண்ணம் அல்ல அது. பாரிஸ் விபத்துக்குப் பின் வந்த ஏற்பாடு. யாராவது விதியை மீறிப் பிடித்துவிட்டால், துண்டைக் காகிதத் தொட்டியில் போடாமல் அதில் அணைக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள். மனிதனை நம்பாமல் போட்ட சட்டம் என்று சொல்லலாம். நம்பாமல் இருந்ததே நல்லது. 2023 மார்ச் மாதம் லண்டனிலிருந்து பம்பாய் வந்த விமானத்தில், கழிப்பறையில் புகை பிடித்த ஒருவரைப் போலீசில் ஒப்படைத்தார்கள். கூரையில் இருக்கும் கருவி, துளிப் புகை பட்டாலும் கத்திவிடும்.

'மின் சிகரெட்டில் நெருப்பு இல்லையே' என்று சில இளைஞர்கள் வாதாடுவார்கள். அதன் விற்பனையையும் இறக்குமதியையும் இந்தியா 2019-ம் ஆண்டே தடை செய்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தால் பீளமேட்டில் இறங்கியதும் வம்புதான்.

சிங்கப்பூர் இறங்கியதும்...

சிங்கப்பூர் சின்னத் தீவு. சட்டமோ பெரிது. அங்கே ஒரு சிகரெட்டைக் கூட வரியில்லாமல் கொண்டு போக முடியாது. இருப்பதைச் சுங்க அதிகாரியிடம் தாமாகவே சொல்லி வரி கட்ட வேண்டும். மறைத்து மாட்டினால் அபராதம். மின் சிகரெட் கையில் இருப்பதே குற்றம்.

ஆத்தாளின் சுருக்குப் பையையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். வெற்றிலையோடு போடும் கொங்குப் புகையிலை அதில் இருக்கும். மெல்லும் புகையிலை சிங்கப்பூருக்குள் வரவே கூடாது. வரி கட்டுகிறேன் என்றாலும் விடமாட்டார்கள்!