கோர்வெட் கடந்து வந்த பாதை

1953ஆம் ஆண்டு ஜனவரி மாதம், நியூயார்க் நகரின் வால்டோர்ஃப் அஸ்டோரியா விடுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஒரு மகிழுந்துக் கண்காட்சியை நடத்தியது. அங்கே வெள்ளை நிறத்தில், மேற்கூரையின்றி, இருவர் மட்டுமே அமரக்கூடிய ஒரு புதிய வாகனம் மக்கள் கூட்டத்தை ஈர்த்தது. அதன் பெயர் கோர்வெட். கடலில் விரைந்து செல்லும் சிறிய போர்க்கப்பல் வகையொன்றின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. ஐரோப்பியர்கள் செய்துவந்த விளையாட்டு மகிழுந்துகளைப் போல அமெரிக்காவிலும் ஒன்று வேண்டும் என விரும்பிய வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்லின் எண்ணத்தில் உருவான வாகனம் அது.

அதே ஆண்டு ஜூன் மாத இறுதியில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிலிண்ட் நகரில் உற்பத்தி தொடங்கியது. முதல் ஆண்டில் 300 வாகனங்கள் மட்டுமே செய்யப்பட்டன. எல்லாமே வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. அதன் உடற்பகுதி இரும்புத் தகட்டால் ஆனதன்று. கண்ணாடியிழையையும் பிசினையும் சேர்த்து வார்க்கப்பட்டது. தகட்டை அழுத்தி வளைக்கும் பெரிய அச்சுகளைச் செய்யப் பணமும் காலமும் மிகுதியாகத் தேவைப்படும். குறைந்த எண்ணிக்கையில் விரைவாகச் செய்வதற்குக் கண்ணாடியிழையே பொருத்தமாக இருந்தது. அது துருப்பிடிக்காது என்பது கூடுதல் நன்மை.

தோற்றத்தில் இருந்த வேகம் ஓட்டத்தில் இல்லை. ஆறு சிலிண்டர்கள் கொண்ட அதன் இயந்திரம் 150 குதிரைத்திறன் மட்டுமே தந்தது. கியர் தானியங்கி வகையைச் சேர்ந்தது. அதுவும் இரண்டே நிலைகள் கொண்டது. விலையோ 3,498 டாலர். 1954இல் 3,640 வாகனங்கள் செய்யப்பட்டன. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆண்டு இறுதியிலும் விற்காமல் தேங்கிக் கிடந்தன. 1955இல் உற்பத்தி 700ஆகச் சுருங்கியது. அந்த ஆண்டு ஃபோர்டு நிறுவனம் வெளியிட்ட தண்டர்பேர்டு 16,000க்கும் மேல் விற்றது. கோர்வெட்டின் கதை மூன்றாம் ஆண்டிலேயே முடிந்துவிடும் நிலை ஏற்பட்டது.

அதைக் காப்பாற்றியவர்களுள் முதன்மையானவர் சோரா ஆர்கஸ்-டன்டோவ். ரஷ்யப் பெற்றோருக்குப் பெல்ஜியத்தில் பிறந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர் அவர், பந்தய ஓட்டுநரும்கூட. நியூயார்க் கண்காட்சியில் கோர்வெட்டைக் கண்டு மயங்கியவர், செவர்லே பிரிவின் தலைமைப் பொறியாளருக்குக் கடிதம் எழுதி, சில மாதங்களிலேயே அங்கே வேலைக்குச் சேர்ந்தார். இளைஞர்கள் வேகத்தை விரும்புகிறார்கள். அதைத் தராத வாகனம் நிலைக்காது என்பது அவருடைய வாதம். 1955இல் எட்டு சிலிண்டர்கள் கொண்ட ‘வி-8’ இயந்திரம் கோர்வெட்டில் பொருத்தப்பட்டது. மறு ஆண்டின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் டேட்டோனா கடற்கரை மணலில் டன்டோவ் தாமே அதை மணிக்கு 240 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓட்டிக் காட்டினார். விற்பனை மெல்ல நிமிர்ந்தது.

1963இல் இரண்டாம் தலைமுறை வந்தது. கூர்மையான முகப்பும் உடலுக்குள் மறையும் விளக்குகளும் கொண்ட அதன் பின்கண்ணாடியை நடுவே ஒரு பட்டை இரண்டாகப் பிரித்தது. அந்தப் பட்டைதான் அழகு என்றார் அப்போதைய வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல். பின்னால் வருவதை ஓட்டுநர் பார்க்க முடியவில்லையே என்றார் டன்டோவ். மறு ஆண்டே பட்டை நீக்கப்பட்டது. பாதுகாப்பை எண்ணினால் டன்டோவ் சொன்னதே சரி. ஆனால், ஓராண்டு மட்டுமே வந்த அந்தப் பட்டைக் கண்ணாடி வாகனத்தைத்தான் சேகரிப்பாளர்கள் இன்று போட்டி போட்டு வாங்குகிறார்கள்!

டன்டோவுக்கு அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. முன்பக்கத்தில் இருந்த இயந்திரத்தை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின்சக்கர அச்சுக்கு முன்னால் வைக்க வேண்டும் என்பதே அது. காரணம் எளிது. கோர்வெட்டை உந்துபவை பின்சக்கரங்கள். அவற்றின்மேல் எடை குறைவாக இருந்தால், ஆற்றலைக் கூட்டும்போது சக்கரங்கள் தரையைப் பற்றாமல் வெறுமனே சுழலும். இயந்திரத்தின் எடை பின்னால் வந்தால் பிடிப்புக் கூடும். வளைவுகளிலும் நன்மை உண்டு. நீர் நிறைந்த இரண்டு வாளிகளைக் கைகளை நீட்டிப் பிடித்தபடி உடலைத் திருப்புவது கடினம். உடலோடு அணைத்துக்கொண்டால் எளிதாகத் திரும்பலாம். கனமான பகுதி நடுவே இருக்கும் வாகனமும் அப்படித்தான் சட்டென்று திரும்பும்.

1960களில் டன்டோவ் இத்தகைய சோதனை வாகனங்களைச் செய்து காட்டினார். 1970இல் ஒரு மாதிரி நியூயார்க் கண்காட்சியிலும் வைக்கப்பட்டது. எனினும், எதுவும் உற்பத்திக்குச் செல்லவில்லை. முற்றிலும் புதிய அமைப்புக்குப் பெருஞ்செலவாகும். பழைய அமைப்போ நன்றாகவே விற்றுக்கொண்டிருந்தது.

டன்டோவ் 1975இல் பணி ஓய்வு பெற்றார். அப்போது எண்ணெய் நெருக்கடியும் புகை வெளியேற்றக் கட்டுப்பாடுகளும் சேர்ந்து கோர்வெட்டை மிகவும் தளர்த்தியிருந்தன. அவ்வாண்டின் அடிப்படை இயந்திரம் தந்தது 165 குதிரைத்திறன் மட்டுமே. குதிரைத்திறனைக் கணக்கிடும் முறை இடையில் மாறியதும் எண் குறைந்ததற்கு ஒரு காரணம். ஆனாலும், மக்கள் வாங்குவதை நிறுத்தவில்லை. 1979இல் 53,807 வாகனங்கள் செய்யப்பட்டன; அதுவே கோர்வெட்டின் உச்ச எண்ணிக்கை. நன்றாக விற்கும் ஒரு பொருளை மாற்றும்படி நிறுவனத்தை யாரால் வற்புறுத்த முடியும்?

1981இல் உற்பத்தி கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீன் நகருக்கு மாறியது. அடுத்தடுத்த தலைமுறைகளில் உறுதியான சட்டகமும் மேம்பட்ட இயந்திரங்களும் வந்தன. 1997இல் கியர்ப்பெட்டியைப் பின்பக்கத்துக்கு மாற்றி, எடையை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பகிர்ந்தனர். ஆயினும், இயந்திரம் முன்னால்தான் இருந்தது.

2019 ஜூலையில் எட்டாம் தலைமுறை அறிமுகமானது. அதில் இயந்திரம் இருக்கைகளுக்குப் பின்னால் இருந்தது. 6.2 லிட்டர் ‘வி-8’ இயந்திரம் 490 குதிரைத்திறன் தந்தது. கையால் மாற்றும் கியர் இல்லையே எனப் பழைய ரசிகர்கள் குறைபட்டனர். 1953ஆம் ஆண்டு வாகனத்திலும் அது இருந்ததில்லை. வலப்பக்கத்தில் சுக்கான் கொண்ட கோர்வெட்டைத் தொழிற்சாலையே செய்து தந்ததும் இதுவே முதன்முறை. அதனால் ஜப்பான், பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும் அதை மாற்றியமைக்காமல் ஓட்ட முடிந்தது.

டன்டோவ் அதைப் பார்க்கவில்லை. அவர் 1996இல் காலமானார். அவருடைய அஸ்தி பௌலிங் கிரீனில் உள்ள தேசியக் கோர்வெட் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. இயந்திரம் நடுவே அமர்ந்த கோர்வெட்டுகள் அதே ஊரில் உள்ள தொழிற்சாலையிலிருந்துதான் வெளிவருகின்றன.