டி.டி.பி. படிக்கப் போகும் பிள்ளைகள்: கட்டணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

 

பிளஸ் டூ முடிவு வந்ததும் நமது அறக்கட்டளைக்கு வரும் கல்வி உதவி விண்ணப்பங்களில், 'ஃபோட்டோஷாப், டி.டி.பி. படிக்கக் கட்டணம் வேண்டும்' என்று கேட்பவை ஒவ்வோர் ஆண்டும் இருக்கின்றன. கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லாத குடும்பங்களும், பெண் பிள்ளை வீட்டிலிருந்தே சம்பாதிக்கட்டும் என்று நினைக்கும் பெற்றோரும் இதை அதிகம் விரும்புகிறார்கள். நல்ல தொழில்தான். நாமும் தயங்காமல் உதவி வந்தோம். ஆனால் அந்தப் பணத்தில் பிள்ளை எதைக் கற்கிறது என்று நாம் கேட்டதே இல்லை. அது நமது தவறு என்பதை ஒரு மாணவி மூலமாகத்தான் உணர்ந்தோம்.

அந்த மாணவியின் தாயார் தையல் வேலை செய்து குடும்பம் நடத்துபவர். மூன்று மாதப் பயிற்சி முடித்து, சான்றிதழும் வாங்கிவிட்டார் மகள். சொந்தத்தில் ஒரு நிக்காஹ் பத்திரிகைதான் முதல் வேலை. திரையில் மிக அழகாக வந்தது. அச்சகத்தார் கேட்டபடி பழைய பதிப்புக்கு மாற்றிச் சேமித்து ஃபைலைக் கொடுத்துவிட்டார். புரூஃப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. 300 பத்திரிகையும் அச்சாகி வந்த பிறகு, மணமகளின் பாட்டனார் கையில் வாங்கிப் பார்த்தவர் பேசாமல் கீழே வைத்துவிட்டார். மேலே இருந்த பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக உடைந்து, வரிசையும் தலைகீழாகிக் கிடந்தது. ஒரு பத்திரிகையைக்கூடக் கொடுக்க முடியவில்லை. மறு அச்சுக்கான செலவைத் தாயார் தையல் காசிலிருந்து கட்டினார். விஷயம் நமக்குத் தெரிய வந்தது அதன் பிறகுதான்.

"மூணு மாசத்துல இதைப் பத்தி ஒருத்தருமே சொல்லித் தரலையே மாமா" என்று அந்தப் பிள்ளை நம் அலுவலகத்தில் அழுதது. அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் இந்தக் கட்டுரை.

மூன்று விதமான வேலை, மூன்று விதமான மென்பொருள்

டி.டி.பி. என்பது ஒரே மென்பொருள் அல்ல. அச்சு வேலையில் மூன்று பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி உண்டு.

முதலாவது, புகைப்படத்தைத் திருத்துவது. இதற்குப் பெயர் பெற்றது ஃபோட்டோஷாப். தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கிய இந்த மென்பொருளை அடோபி நிறுவனம் 1990-ல் வெளியிட்டது. படத்தைச் சிறு சிறு புள்ளிகளாக வைத்து வேலை செய்வது இது. வெளிச்சம் கூட்டுவது, பின்னணி மாற்றுவது, கிழிந்துபோன பழைய படத்தைச் சரிசெய்வது எல்லாம் இதில்தான்.

இரண்டாவது, வரைவது. சின்னம், விசிட்டிங் கார்டு, பெயர்ப்பலகை போன்றவற்றுக்கு நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கோரல்டிரா. பெரிய நிறுவனங்களில் இல்லஸ்ட்ரேட்டர். இவை புள்ளியாக வைக்காமல் கோடாகக் கணக்கிட்டு வைப்பதால், அதே சின்னத்தைப் பேனாவிலும் அச்சடிக்கலாம், சுவர் அளவு பேனரிலும் அச்சடிக்கலாம், ஓரம் மங்காது.

மூன்றாவது, பக்கம் அமைப்பது. புத்தகம், இதழ், இந்த மடல் போன்றவை இந்த வகை. 1985-ல் வந்த பேஜ்மேக்கர்தான் டி.டி.பி. என்ற தொழிலையே பரவலாக்கியது. அதன் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. அதற்குப் பின் புதிய பெரிய பதிப்பு வரவில்லை. 1999-ல் வந்த இன்டிசைன் அதன் இடத்தைப் பிடித்தது. நம் பகுதியில் பல கடைகளில் இன்றும் பேஜ்மேக்கர் ஓடுகிறது என்பது உண்மை. தெரிந்து வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் கற்றுத்தந்து முழுக் கட்டணம் வாங்கும் இடம் பிள்ளைக்குப் பயன்படாது.

ஒரு மாணவர் செய்யும் பொதுவான தவறு, ஃபோட்டோஷாப் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று வேலையையும் செய்ய முயல்வது. பத்திரிகையின் சிறிய எழுத்துகளை அதில் தட்டச்சு செய்து ஜேபெக் படமாகக் கொடுத்தால், அச்சில் எழுத்து மங்கலாகத்தான் வரும்.

திரையில் தெரிவது வேறு, தாளில் விழுவது வேறு

கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளால் நிறம் காட்டுகிறது. இதை ஆர்.ஜி.பி. என்பார்கள். ஆஃப்செட் அச்சு இயந்திரமோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் அச்சடிக்கிறது. இது சி.எம்.ஒய்.கே. திரையில் மின்னும் பச்சையும் பளீர் நீலமும் மையில் வராது, மங்கிவிடும். "நாங்க பார்த்த கலர் இது இல்லையே" என்று வாடிக்கையாளர் சண்டை பிடிப்பதற்கு இதுதான் காரணம். அச்சுக்குப் போகும் வேலையை சி.எம்.ஒய்.கே.-க்கு மாற்றிப் பார்த்து, அந்த நிறத்தையே வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டும்.

அதேபோல், சிறிய கறுப்பு எழுத்துகளைக் கறுப்பு மை ஒன்றில் மட்டும் வைக்க வேண்டும். நான்கு மையும் கலந்த கறுப்பாக வைத்தால், தாள் இம்மியளவு நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் விழும்.

அடுத்தது புள்ளிக் கணக்கு. கையில் வைத்துப் பார்க்கும் அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளிகள் வேண்டும் என்பது பொது வழக்கம். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தின் அகலம் 1200 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். 1200-ஐ 300-ஆல் வகுத்தால் 4. ஆக, அந்தப் படம் 4 அங்குல அகலத்துக்குத் தெளிவாக வரும். அதையே ஏ4 தாளின் 8.27 அங்குல அகலத்துக்கு இழுத்தால், ஓர் அங்குலத்துக்குச் சுமார் 145 புள்ளிதான் கிடைக்கும்; முகம் குழம்பிவிடும். தூரத்திலிருந்து பார்க்கும் ஃபிளெக்ஸ் பேனருக்கு இவ்வளவு புள்ளி தேவையில்லை. இந்த எளிய வகுத்தல் கணக்கு தெரிந்த பிள்ளை வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே "இந்தப் படம் தாங்காது, வேறு கொடுங்க" என்று சொல்லிவிடும்.

வெட்டு அளவும் உண்டு. ஓரம் வரை நிறம் வரும் பத்திரிகைக்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நிறத்தை நீட்டி வைக்க வேண்டும். இல்லையென்றால் கட்டிங்கில் வெள்ளைக் கோடு தெரியும். எழுத்துகளையோ அதேபோல் சற்று உள்ளே தள்ளி வைக்க வேண்டும். நடுவில் பின் அடிக்கும் சிறு புத்தகமானால் பக்க எண்ணிக்கை 4-ஆல் வகுபட வேண்டும்: 8, 12, 16 என்று. 14 பக்கத்துக்கு அமைத்துக் கொண்டுபோனால் இரண்டு பக்கம் வெறுமையாக நிற்கும்.

தமிழும் அரபியும்

நம் பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலில் தனிச் சிறப்பு கிடைக்கக் கூடிய இடமும், தவறினால் மனம் நொந்துபோகும் இடமும் இதுவே.

பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து ஏமாற்றும் முறையில் செய்யப்பட்டவை. அதே எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகளுக்கு உலகம் முழுவதும் பொதுவான எண்கள் உண்டு. கைப்பேசியில் தட்டச்சு செய்ததை அப்படியே பக்கத்தில் ஒட்டலாம். தமிழ்நாடு அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. தட்டச்சுக்கு 1999-ல் அரசு ஏற்ற தமிழ்நெட் 99 விசைப்பலகை இருக்கிறது. கடைகளில் பழைய எழுத்துருக்களும் புழங்குவதால், இரண்டும் தெரிந்திருப்பதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றத் தெரிந்திருப்பதும் நல்லது.

அரபி வலமிருந்து இடமாகச் செல்வது. பெரும்பாலான எழுத்துகள் சொல்லின் தொடக்கம், நடு, கடைசி என்று இடத்துக்கு ஏற்ப வடிவம் மாறிச் சேரும். இதை அறியாத மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் உடைந்து, தலைகீழாக வரும். நம் மாணவிக்கு நேர்ந்தது இதுதான். இன்டிசைனின் புதிய பதிப்புகளில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் அரபியும் தமிழும் ஒழுங்காகச் சேரும். ஃபோட்டோஷாப்பிலும் இதற்கான எழுத்து அமைப்பு உண்டு.

இதில் நான்கு கட்டுப்பாடுகளை நம் பிள்ளைகள் மறக்கக் கூடாது. குர்ஆன் வசனத்தைத் தாமாகத் தட்டச்சு செய்யக் கூடாது. மதீனாவிலுள்ள மன்னர் ஃபஹத் குர்ஆன் அச்சகம் வெளியிட்டுள்ள எழுத்துருக்கள், தன்ஸீல் திட்டத்தின் சரிபார்க்கப்பட்ட மூலம் போன்றவற்றிலிருந்தே எடுக்க வேண்டும். எழுத்து சரியாக அமைந்த பின், அச்சுக்குக் கொடுக்கும் பிரதியில் அதைக் கோட்டு வடிவமாக மாற்றிவிட வேண்டும். கோரல்டிராவில் 'கன்வெர்ட் டு கர்வ்ஸ்', இன்டிசைனில் 'கிரியேட் அவுட்லைன்ஸ்'. அதன் பிறகு எந்தக் கணினியிலும் உடையாது. திறந்த ஃபைலாகக் கொடுக்காமல் பி.டி.எஃப். ஆக்கிக் கொடுக்க வேண்டும். கடைசியாக, தாளில் ஒரு புரூஃப் எடுத்து, பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமோ ஓதத் தெரிந்த பெரியவரிடமோ காட்டி, அவர் சரி என்ற பிறகே அச்சுக்குப் போக வேண்டும்.

திருட்டு மென்பொருள் வேண்டாம்

பல பயிற்சி நிலையங்களில் உரிமம் இல்லாத மென்பொருளைத்தான் கற்றுத்தருகிறார்கள். பிள்ளைகளும் பென்டிரைவில் வாங்கி வந்து வீட்டில் போட்டுக்கொள்கிறார்கள். அடுத்தவர் உழைப்பை விலை கொடுக்காமல் எடுத்து, அதைக் கொண்டு சம்பாதிப்பது நம் மார்க்கத்துக்கு ஒப்பாது. வைரஸ் புகுந்து வாடிக்கையாளர் வேலையெல்லாம் அழிந்துபோகும் ஆபத்தும் உண்டு.

இதற்கு மாற்று இருக்கிறது. படம் திருத்த ஜிம்ப், வரைய இங்க்ஸ்கேப், பக்கம் அமைக்க ஸ்கிரிபஸ் ஆகிய மூன்றும் இலவசம். யாரும் சட்டப்படி பயன்படுத்தலாம். இவற்றில் கை பழகிய பிறகு, வருமானம் வரத் தொடங்கியதும் அடோபிக்கு மாதச் சந்தா கட்டலாம். மாணவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. கணினி புதிதாக இருக்க வேண்டும் என்பதில்லை, 8 ஜி.பி. ராம் உள்ளது போதும், 16 இருந்தால் சிரமமில்லை.

இந்தக் கையில் ஓர் அமானிதம்

படம் திருத்தத் தெரிந்தவரிடம் ஒருநாள் யாராவது வந்து, "மார்க் ஷீட்டுல ஒரு நம்பரை மட்டும் மாத்திக் கொடு தம்பி", "ஆதார்ல பிறந்த தேதியைத் திருத்திக் கொடு" என்று கேட்பார்கள். கேட்பவர் பெரும்பாலும் தெரிந்தவராக இருப்பார். அவசரம் என்பார், காசும் அதிகம் தருவார். இது போலி ஆவணம் தயாரிக்கும் குற்றம். சிறைக்குப் போக வேண்டியது செய்துகொடுத்தவரும்தான். "முடியாது மாமா" என்று சொல்லும் துணிவைப் பெற்றோர் இப்போதே பிள்ளைக்கு ஊட்ட வேண்டும்.

வாடிக்கையாளர் தரும் படங்களும் அமானிதமே. குறிப்பாகப் பெண்களின் படங்கள். வேலை முடிந்து ஒப்படைத்ததும் கணினியிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் அழித்துவிட வேண்டும். மாதிரி வேலை என்று ஸ்டேட்டஸில் போடுவதாக இருந்தால், அந்தக் குடும்பத்தின் அனுமதி வேண்டும். வீட்டிலிருந்தபடி வேலை செய்யும் சகோதரிகளைத் தேடிக் குடும்பங்கள் வருவதற்கு இந்த நம்பிக்கைதான் காரணம்.

சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்

• மூன்று வகை மென்பொருளும் கற்றுத்தருவீர்களா? எந்தப் பதிப்பு?
• யூனிகோடு தமிழும் அரபியும் பக்கத்தில் அமைக்கப் பழக்குவீர்களா?
• ஒரு மாணவருக்கு ஒரு கணினியா, இருவருக்கு ஒன்றா? நாளுக்கு எத்தனை மணி நேரம்?
• அச்சகத்துக்கு அழைத்துப் போய்க் காட்டுவீர்களா?
• படிப்பு முடியும்போது பிள்ளையின் கையில் அச்சான வேலை எத்தனை இருக்கும்?

கடைசிக் கேள்வி முக்கியமானது. வேலை கொடுப்பவர் சான்றிதழைவிட, செய்த வேலையைத்தான் பார்க்கிறார். ஒரு பத்திரிகை, ஒரு விசிட்டிங் கார்டு, ஒரு நோட்டீஸ், 8 பக்கச் சிறு புத்தகம், திருத்திய பழைய புகைப்படம் ஒன்று. இவை ஒரு கோப்பில் இருந்தால் போதும்.

முறையாகப் படிக்க விரும்புவோருக்கு ஐ.டி.ஐ. திட்டத்தில் டி.டி.பி. ஆபரேட்டர் என்ற ஓராண்டுப் பிரிவு உண்டு. நம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரித்துச் சேரலாம். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்து நல்ல மதிப்பெண் பெற்றவர்களுக்கு, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் அச்சு மற்றும் பேக்கேஜிங் தொழில்நுட்பத்தில் பி.இ. பட்டப்படிப்பே இருக்கிறது.

இனி நாம் செய்யவிருப்பது

இந்த ஆண்டு முதல் டி.டி.பி. கட்டணத்தை இரண்டு தவணையாகத் தரவிருக்கிறோம். முதல் தவணை, மேலே உள்ள கேள்விகளுக்குப் பயிற்சி நிலையம் தரும் பதிலைப் பார்த்த பிறகு. இரண்டாவது, மாணவர் தாம் அமைத்து அச்சான ஒரு வேலையை நம் அலுவலகத்தில் காட்டிய பிறகு. ஊரில் அச்சகம் நடத்தும் சகோதரர்கள், பிள்ளைகள் வாரம் ஒருநாள் வந்து பார்த்துப் பழக இடம் தந்தால் அது பெரிய உதவி. வீட்டில் சும்மா கிடக்கும் நல்ல கணினியைக் கொடுப்பதும் ஸதகாதான்.

அந்த மாணவி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். சில வாரம் கணினிப் பக்கமே போகவில்லை. பிறகு தெரிந்த அச்சகம் ஒன்றில் தாயாருடன் போய் உட்கார்ந்து, பிளேட் போடுவது முதல் கட்டிங் வரை பார்த்துக் கற்றார். இப்போது பத்திரிகை வேலைகள் செய்கிறார், அல்ஹம்துலில்லாஹ். உடைந்த எழுத்தோடு வந்த அந்தப் பழைய பத்திரிகையில் ஒன்றை இன்னும் எடுத்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு புரூஃபையும் ஹஜ்ரத்திடம் காட்டிவிட்டே அச்சுக்கு அனுப்புகிறார்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், ஹலாலான வருமானத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.