முள் கணக்கும் சுளைக் கணக்கும்

பலாப்பழத்தை அறுக்காமலே அதற்குள் எத்தனை சுளை இருக்கிறதென்று சொல்லிவிடலாம் என்பது தமிழ்நாட்டில் நெடுநாளாக வழங்கிவரும் ஒரு பெருமை. கொறுக்கையூர்க் காரிநாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்' என்னும் பழைய நூலில் இதற்கென்று ஒரு செய்யுளே இருக்கிறது. அதன் கருத்து யாதெனில்: காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ண வேண்டும், வந்த தொகையை ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும், கிடைப்பது சுளையின் தொகை. முள் நூறானால் சுளை நூற்றிருபது. மேடையில் இதை எடுத்துச் சொல்லுகிறவர்களுக்குக் கரகோஷம் நிச்சயம். "இதெல்லாம் பழங்கதை" என்று நகைக்கும் கனவான்களும் அதே கூட்டத்தில் பின் வரிசையில் இருப்பார்கள். ஆனால் கை தட்டியவர்களிலும் சரி, நகைத்தவர்களிலும் சரி, ஒரு பழத்தையாவது அறுத்து எண்ணிப் பார்த்தவர்களை நாம் அதிகமாகக் கண்டதில்லை.

மற்ற ஊரார் பழம் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லலாம். புதுக்கோட்டை ஜில்லாவாசிகளுக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஆலங்குடியைச் சுற்றியுள்ள வடகாடு, மாங்காடு, புள்ளான்விடுதி, கீரமங்கலம் முதலிய ஊர்கள் பலாவுக்கே பெயர்போனவை. கோடையில் அங்கிருந்து லாரி லாரியாகப் பழம் வெளியூர்களுக்குப் போகிறது. அந்த வியாபாரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. தோட்டக்காரர் விற்பது முழுப்பழம். சாலையோரத்தில் நாம் வாங்குவது சுளை. இடையில் நிற்கும் வியாபாரி உள்ளே இருப்பதைக் காணாமலே விலை பேசுகிறார். தட்டிப் பார்க்கிறார், மோந்து பார்க்கிறார், தூக்கிப் பார்க்கிறார். முள்ளை எண்ணினாலே சுளைத் தொகை தெரியுமென்றால் இந்த வித்தையெல்லாம் எதற்கு? தோட்டக்காரரும் வியாபாரியும் ஆளுக்கொரு தடவை எண்ணிவிட்டு, பேரமின்றிக் கை குலுக்கிப் பிரியலாமே! இத்தனை காலமாக அப்படி நடக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

சூத்திரத்தில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. முட்கள் முப்பத்தேழு என்று வைத்துக்கொள்வோம். ஆறால் பெருக்கினால் 222. ஐந்தால் வகுத்தால் நாற்பத்து நான்கு சுளையும், மேற்கொண்டு ஒரு சுளையில் ஐந்தில் இரண்டு பங்கும் வருகிறது. இந்தப் பாக்கியை எந்தக் குழந்தையின் கையில் கொடுப்பது? நம் முன்னோர்களை இது திகைக்க வைத்திராது. காலே மூன்றுமா என்று சொல்லிவிட்டு மேலே போயிருப்பார்கள். மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இவ்வளவு நுணுக்கமான பின்னம் யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசை நினைவுகொள்ள வேண்டும். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறு பக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்று பொறித்த அந்தச் சின்னஞ்சிறு செப்புக்காசு இருபது சேர்ந்தால் ஓரணா. பதினாறணா ஒரு ரூபாய். ஆகவே ஒரு ரூபாய்க்கு 320 காசு. ரூபாயின் முந்திரி எதுவோ, அதுவே அம்மன் காசு! சமஸ்தானம் 1948-ல் சென்னை மாகாணத்தோடு சேர்ந்துவிட்டது. காசும் இப்போது சேகரிப்போர் பெட்டிகளில்தான் இருக்கிறது. ஏட்டுப் பின்னத்தை மடியில் முடிந்துகொண்டு சந்தைக்குப் போன ஜனங்கள் இவர்கள் என்பது மட்டும் மறக்கற்பாலதன்று. (ஆதனக்கோட்டையில் சாலையோரத்தில் வறுத்து விற்கும் முந்திரிக்கும் இந்த முந்திரிக்கும் சம்பந்தமில்லை.)

இனி பழத்துக்கு வருவோம். தாவர சாஸ்திரப்படி, நாம் ஒரு பலாப்பழம் என்று சொல்வது உண்மையில் ஒரு பழமன்று. ஒரே தண்டில் நெருக்கமாகப் பூத்த பெண்பூக்களின் கூட்டம் முழுதும் சேர்ந்து திரண்டது அது. தோலின் மேலுள்ள ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. ஆண்பூக்கள் அதே மரத்தில் தனிக் கதிராகத் தோன்றி, மகரந்தத்தை உதிர்த்துவிட்டு விழுந்துவிடுகின்றன. மகரந்தம் பெற்ற பெண்பூ கொட்டை வைத்துச் சுளையாகிறது. நாம் விரும்பித் தின்னும் சதை, அப்பூவின் இதழ் பருத்ததேயாகும். மகரந்தம் பெறாத பூக்களோ, சுளைகளுக்கிடையே நாடா நாடாவாகக் கிடக்கும் சக்கையாகிவிடுகின்றன. ஒரு பக்கம் புடைத்தும் மறு பக்கம் ஒடுங்கியும் கோணலாக இருக்கும் பழங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஒடுங்கிய பக்கத்தில் பூக்கள் சரிவரச் சூல் கொள்ளவில்லை.

ஆகவே முள்ளுக்கும் சுளைக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. சம்பந்தம் இருக்கிறது; பூ இல்லாமல் சுளை இல்லை. காம்பைச் சுற்றிப் பூ அதிகமானால் கதிரும் பெரிது, கதிர் பெரிதானால் சுளையும் அதிகம் என்று ஊகிப்பதில் அசம்பாவிதம் ஒன்றுமில்லை. ஆனால் எத்தனை பூ மகரந்தம் பெற்றது என்பதைக் காம்பருகிலுள்ள முள் எப்படி அறியும்? அது அந்த வருஷத்து மழையையும் காற்றையும் பூச்சிகளையும் பொறுத்த விஷயம். ஒரே மரத்தின் இரு பழங்களே ஒன்றுபோல் இருப்பதில்லை.

தவிரவும், 'காம்பைச் சுற்றியுள்ள முள்' என்றால் எது? முதல் வட்டம் மட்டுமா, இரண்டாம் வட்டமும் சேர்த்தியா? வட்டம் எங்கே முடிகிறது என்று பழத்தின் தோலில் கோடு கிழித்து வைக்கவில்லை. இதனால் விளையும் அனர்த்தம் பெரிது. கணக்குச் சரியாக வந்தால் சூத்திரத்தின் மகிமை. வராவிட்டால் எண்ணினவன் தப்பான முள்ளை எண்ணிவிட்டான்! எப்படி விழுந்தாலும் தோற்காத கட்சியை அரசியலில் நாம் நம்புவதில்லை. கணக்கில் மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

காரிநாயனாரை நாம் குறைவாகப் பேசுவதாக எவரும் கருதவேண்டாம். நிலம், பொன், நெல், அரிசி என்று அன்றாட வாழ்வுக்கு வேண்டிய கணக்குகளை எளிய செய்யுளில் அமைத்துத் தந்தவர் அவர். ஆறால் பெருக்கி ஐந்தால் வகுப்பதென்பதும் ஐந்துக்கு ஒன்று கூட்டிக்கொள்வதென்பதும் ஒன்றே. எழுத்தறியாதவரும் விரல்விட்டுச் செய்யக்கூடிய காரியம். எண்ணிப் பார்க்கச் சொன்ன ஆசிரியருக்கு, எண்ணாமல் புகழ்வது மரியாதையாகாது. எண்ணாமல் இகழ்வதும் பகுத்தறிவாகாது.

ஒரு பழத்தில் சரியாக வந்துவிட்டது என்று யாரேனும் எழுதினால், காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவே நாம் கொள்ளக்கூடும். ஐம்பது பழமாவது வேண்டும். வயதான மரங்கள் பலவற்றை 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துவிட்டது. அதற்குப் பின் நட்ட கன்றுகளில் காய்ப்புக்கு வந்தவையும், புயலுக்குத் தப்பிய கிழ மரங்களும் இரண்டுமே சோதனைக்கு அகப்பட்டால் மிகவும் நன்று. எந்த வட்டத்து முள் என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொண்டு, பிறகு மாற்றாதிருக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போதும். முதற் பத்தியில் சூத்திரம் சொல்லும் தொகை. இரண்டாவதில், பழத்தைத் தட்டிப் பார்த்து அனுபவமுள்ள வியாபாரி ஒருவர் சொல்லும் தொகை. இவ்விரண்டையும் கத்தி படுமுன்பே எழுதிவிட வேண்டும். மூன்றாவதில் அறுத்து எண்ணின தொகை. சூத்திரம் வியாபாரியை ஜயிக்கிறதா என்பதே கேள்வி.

இதைச் செய்யத் தகுந்தவர்கள் இந்த ஜில்லாவில் இல்லையென்று சொல்ல முடியாது. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் அவர்கள் கலெக்டராக இருந்தபோது நடந்த அறிவொளி இயக்கத்தில், கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தும் எண்ணும் கற்றார்கள். கூடவே சைக்கிளும் கற்றார்கள். படிப்புக்கும் சைக்கிளுக்கும் என்ன உறவு என்று சிரித்தவர்கள் அன்றும் இருந்தார்கள். சைக்கிள் ஓடிற்று. ஆண்டுதோறும் சுளை பிரித்து விற்கும் கைகளுக்கு, நம் போன்ற எழுத்தாளர்களையும் பிரசங்கிகளையும்விட இவ்விஷயத்தில் அனுபவம் அதிகம். அவர்களிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுப்பதே முறை.

வேண்டிய சாமான்கள் அற்பம்: ஒரு கரித்துண்டு, ஒரு கத்தி, பால் ஒட்டாமலிருக்கக் கையில் தடவக் கொஞ்சம் எண்ணெய். எண்ணி முடியுமுன் யாரும் சுளையை வாயில் போட்டுக்கொள்ளாதபடி ஒருவரைக் காவல் வைப்பதும் அவசியம். அந்தக் காவலாளியைக் கவனிக்க இன்னொருவர் வேண்டியிருக்கலாம்.